நியூ ஹார்மனி

நியூ ஹார்மனி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானா ராஜ்யத்தின் தென்மேற்குக் கோடியில், இல்லினாய் ராஜ்யத்துக்கு எல்லையாக ஓடும் வாபாஷ் நதியின் கரையில் அமைந்த சிற்றூர். இன்று ஆயிரம் பேருக்கும் குறைவானவர்களே வசிக்கும் இவ்வூர், 1814க்கும் 1827க்கும் இடைப்பட்ட சொற்ப காலத்தில் இரண்டு பெரிய சமுதாயப் பரீட்சைகளுக்கு நிலைக்களமாக இருந்தது. ஒன்று பக்தியை ஆதாரமாகக் கொண்டது, மற்றொன்று பகுத்தறிவை.

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டில் 1757இல் பிறந்த ஜார்ஜ் ராப், அங்கே அரசாங்கத்தின் ஆதரவு பெற்றிருந்த திருச்சபையோடு ஒத்துப்போக மாட்டாமல் 1803இல் அமெரிக்காவை அடைந்து, பின்தொடர்ந்து வந்த சீடர்களைக் கொண்டு பென்சில்வேனியாவில் ஊர் ஒன்றை அமைத்து, சொத்து அனைத்தையும் பொதுவாக்கி, 1805இல் ஹார்மனி சங்கத்தை முறைப்படி ஸ்தாபித்தார். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை தங்கள் ஆயுட்காலத்திலேயே நிகழும் என்று திடமாக நம்பிய இக்கூட்டத்தார் 1807 முதல் பிரமசரியத்தை மேற்கொண்டனர். 1814இல் அவர்கள் வாபாஷ் கரைக்குக் குடிபெயர்ந்தபோது, ஆற்றோரச் சதுப்பு நிலத்தின் மலேரியாக் காய்ச்சல் தொடக்க ஆண்டுகளிலேயே நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. எஞ்சியவர்கள் மனந்தளராமல் சதுப்பை வடித்து, காட்டைத் திருத்தி, பத்தே ஆண்டுகளில் வயலும் திராட்சைத் தோட்டமும் நெசவாலையும் வடிசாலையும் நிறைந்த, தன் தேவைக்கு மிஞ்சியதை ஆற்றுவழியே நியூ ஆர்லியன்ஸ் வரை அனுப்பி விற்ற ஒரு நகரத்தை உண்டாக்கினார்கள்.

அவர்களுடைய கைவேலையை அருகில் நின்று பார்ப்பவர் வியக்காமல் இருக்க முடியாது. வீட்டுச் சட்டங்களுக்கான மரங்களை ஒரே அளவில் முன்கூட்டியே அறுத்து, எந்த உத்தரம் எந்தத் தூணோடு பொருந்த வேண்டும் என்பதற்கு ரோமானிய எண்களைச் செதுக்கி வைத்து, பின்னர் அவற்றைக் கொணர்ந்து பூட்டி நிறுத்தினர். குளிரும் வெயிலும் உட்புகாதபடி, வைக்கோலும் களிமண்ணும் சுற்றிய மரத்துண்டுகளைச் சுவர்களினூடேயும் தளத்தினூடேயும் செருகினர். ஆனால் இத்தனை கவனத்தோடு வீடு கட்டியவர்கள் கல்லறைக்கு ஒரு கல்கூட நாட்டவில்லை. மரணத்திலும் யாவரும் சமமே என்பது அவர்கள் கொள்கையாதலால், ஏறத்தாழ 230 பேர் பூர்வகுடிகளின் புராதன மண்மேடுகளுக்கு நடுவே பெயரின்றி அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அந்த மயானத்தைச் சூழ்ந்துள்ள மதில், அவர்களே கட்டிய சிலுவை வடிவ ஆலயத்தை 1874இல் இடித்தபோது கிடைத்த செங்கற்களால் எழுப்பப்பட்டது.

1824இல் ராப் ஊரை விற்றுவிட்டு மறுபடியும் பென்சில்வேனியாவுக்குச் செல்லத் தீர்மானிக்கவே, ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலைகளில் தொழிலாளர் நலனுக்காகச் செய்த சீர்திருத்தங்களால் பிரசித்தி பெற்றிருந்த ராபர்ட் ஓவன், 1825இன் தொடக்கத்தில், கட்டடங்களோடும் ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்தோடும் அதை வாங்கினார். தனிச் சொத்தும் போட்டியும் இல்லாத புது உலகம் ஒன்றை அங்கே சிருஷ்டிக்கப்போவதாக அவர் அமெரிக்கக் காங்கிரஸ் மண்டபத்திலேயே பேசினார். அழைப்பை ஏற்று நூற்றுக்கணக்கானோர் வந்து குவிந்தனர். ஆனால் பேசத் தெரிந்தவர்கள் பலரும் உழவும் தொழிலும் தெரிந்தவர்கள் சிலருமாக அமைந்த அக்கூட்டம், ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டதிட்டங்களை வகுத்துக்கொண்டதேயன்றி விளைச்சலைப் பெருக்கவில்லை. 1827இல் பரீட்சை முறிந்தது. ஓவன் தம் செல்வத்தில் பெரும்பகுதியை இழந்து திரும்பினார். ஆயினும், நியூ ஹார்மனியின் சரித்திரம் இந்தத் தோல்வியோடு முடிந்துவிட்டதாக எழுதுவோர் அவ்வூருக்கு அநீதி செய்கிறார்கள்.

ஏனெனில், 1826 ஜனவரியில் ‘பிலாந்த்ரபிஸ்ட்’ என்னும் படகு ஒஹையோ நதியின் பனிக்கட்டியில் சிக்கி, தாமதித்து, இவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்த கல்விமான்கள் பலர், ஓவனின் கனவு கலைந்த பின்னும் இங்கேயே தங்கினர். பூகர்ப்ப சாஸ்திரி வில்லியம் மக்லூர், பூச்சிகளையும் சிப்பிகளையும் ஆராய்ந்த தாமஸ் சே, பிரெஞ்சு இயற்கையியலாளரும் சித்திரக்காரருமான லெசுவர், சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலோட்சியின் போதனாமுறையில் தேர்ந்த மேரி ஃபிரெட்டஜோ ஆகியோர் அப்படகில் வந்தவர்களில் முக்கியமானவர்கள். அமெரிக்கச் சிப்பிகளைப் பற்றிய சேயின் நூல் இவ்வூர் அச்சகத்திலேயே அச்சாயிற்று. அதன் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் அவருடைய மனைவி லூசி. ஓவனின் குமாரர் டேவிட் டேல் ஓவன் 1837இல் இந்தியானாவின் பூகர்ப்ப ஆய்வுக்குத் தலைமை தாங்கி, பின்னர் மத்திய அரசாங்கத்துக்காக இங்கிருந்தே பரந்த பிரதேசங்களின் ஆய்வை நடத்தினார். மற்றொரு குமாரரான ராபர்ட் டேல் ஓவன், ஸ்மித்சோனியன் ஸ்தாபனம் 1846இல் உருவாவதற்குக் காங்கிரஸில் பாடுபட்டவர்.

ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் ஐதீகங்களில் தலையாயது ஒரு கல்லைப் பற்றியது. சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றில் இரண்டு வெறுங்கால்களின் சுவடுகள் அருகருகே, விரல்கள் விரிந்தபடி, ஆழப் பதிந்திருக்கின்றன. அவற்றுக்கு முன்னே சுருள்போன்ற ஒரு கீறலும் உண்டு. காபிரியேல் தேவதூதர் ஜார்ஜ் ராப்புக்குத் தரிசனம் தந்து நின்ற இடம் அதுவென்று ஜனங்கள் சொல்லி வந்தார்கள். உண்மையில் ராப்பின் சுவீகாரப் புத்திரரான பிரெடரிக், மிசிசிப்பிக் கரையிலுள்ள செயின்ட் லூயி நகரத்திலிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டு வந்த கல் அது. 1821இல் அதைக் கண்ட பயண ஆராய்ச்சியாளர் ஸ்கூல்கிராஃப்ட், பாறை இளகியிருந்த காலத்தில் பதிந்த மனிதச் சுவடுகளே அவை என்று கருதினார். அக்கல்லை வீட்டருகே வைத்துக்கொண்டு ஆராய்ந்த டேவிட் டேல் ஓவனோ, மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்திய பாறை அது என்றும், சுவடுகள் பூர்வகுடிச் சிற்பியின் கைத்திறமே என்றும் 1842இல் எழுதி வெளியிட்டார். முடிவு அதுவே, ஆயினும் இதனால் அச்சிற்பியின் பெருமை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

ஜூன் மாதத்தில் பொன்னிறப் பூக்களைச் சொரியும் சீன தேசத்து மரங்களைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. மக்லூர் அனுப்பிய விதைகளைச் சே தம் வீட்டு வாசலில் ஊன்றினார் என்பார்கள். ஊரார் அம்மரத்தை இன்றும் வாசல் மரம் என்றே அழைக்கிறார்கள்.

உடலுழைப்பாளர் கல்வி பெறுவதற்காக 1838இல் மக்லூர் தோற்றுவித்த தொழிலாளர் கழகம், இந்தியானாவில் இடையறாது நடந்துவரும் பொது நூலகங்களில் மிகப் பழையது. காட்சிசாலையும் சேர்ந்த அந்நூலகம் இப்போதும் வாசகர்களுக்குத் திறந்திருக்கிறது.