சிறுவர்கள் கையில் அரிவாள் ஏன்? குற்றவியல் கோட்பாடுகள் சொல்வது என்ன? - முழு விளக்கம்

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு, பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டவர்கள் அவரோடு அதே பள்ளியில் படித்தவர்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் போன பிளஸ் ஒன் மாணவரை பஸ்ஸை மறித்து வெட்டியதில் விரல்கள் துண்டாகின. அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் 8ஆம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே சக மாணவனை வெட்டினான்.

இப்படி ஒரு செய்தி வந்தால், பசுவந்தனை டீக்கடையானாலும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டானாலும் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குற்றவியல் கோட்பாடு இருக்கிறது. எது எவ்வளவு உண்மை? பார்க்கலாம்.

"தண்டனை பயமே இல்லை"

இத்தாலியின் பெக்காரியா 1764-ல் எழுதிய நூலில் தொடங்கிய சிந்தனை இது. லாப நஷ்டக் கணக்குப் பார்த்துத்தான் மனிதன் குற்றம் செய்கிறான் என்றார். ஆனால், தண்டனை கடுமையாக இருப்பதைவிட, அது நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் கிடைப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்பதே அவர் வாதம். 'தூக்குல போடணும்' என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதோடு, ஆத்திரத்தில் அரிவாள் எடுக்கும் 16 வயதுப் பையன் கணக்குப் பார்ப்பானா என்பதும் கேள்விதான்.

"அது ரத்தத்துலயே ஊறினது"

குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி. முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று 1876-ல் எழுதினார் லொம்ப்ரோசோ. இன்று அறிவியல் இதை ஏற்பதில்லை.

தமிழ்நாடு இதே எண்ணத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1871-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக்கி, கைரேகை எடுத்தது அந்தச் சட்டம். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. ஒரு சாதியைச் சொல்லி 'அவங்க அப்படித்தான்' என்று இன்றும் பேசுவது, அந்தச் சட்டத்தின் மொழிதான்.

"சேர்க்கை சரியில்லை"

அமெரிக்க அறிஞர் சதர்லாண்டின் கோட்பாடு இது. மொழியைக் கற்பது போலவே குற்றத்தையும் நெருங்கிய வட்டத்தில்தான் கற்கிறோம். எப்படிச் செய்வது என்பது மட்டுமல்ல, 'செஞ்சா தப்பில்லை' என்ற நியாயத்தையும் சேர்த்தே கற்கிறோம்.

தென் மாவட்டங்களுக்கு மிகவும் பொருந்துவது இதுதான். கையில் சாதிக் கலர் கயிறு, சாதிப் பெருமை ரீல்ஸ், பின்னால் நின்று தூண்டிவிடும் பெரியவர்கள். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், அகர வரிசைப்படி மாணவர் இருக்கை எனப் பரிந்துரைத்தது இதனால்தான்.

"வேலைவெட்டி இல்லை"

எல்லோருக்கும் ஒரே கனவைக் காட்டிவிட்டு, அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்தால் குற்றம் பிறக்கும் என்று 1938-ல் சொன்னார் ராபர்ட் மெர்டன். பள்ளியில் மதிப்புக் கிடைக்காத பையன்கள், மதிப்புக் கிடைக்கும் கும்பலைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள் என்றார் ஆல்பர்ட் கோஹன் (1955).

கரிசல் காட்டில் மழையை நம்பித்தான் உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, இல்லாவிட்டால் வெளியூர். 1990-களின் சாதி மோதல்களுக்குப் பின் நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழுவும் வேலையின்மையைச் சுட்டி, தென் மாவட்டங்களுக்குத் தொழில்கள் வேண்டும் என்றது.

ஆனால் ஒன்று: இதே வறுமையில் வளரும் பெரும்பாலான பிள்ளைகள் அரிவாளைத் தொடுவதே இல்லை. ஏன்?

"கண்டிக்க ஆள் இல்லை"

இந்த 'ஏன்?'-க்குப் பதில் சொன்னவர் டிராவிஸ் ஹிர்ஷி (1969). மற்றவர்கள் கேட்டது 'ஏன் குற்றம் செய்கிறான்?'. இவர் கேட்டது 'ஏன் பலர் செய்வதில்லை?'. வீடு, பள்ளி, படிப்பு, விளையாட்டு என்று பிடிப்பு இருக்கும் பிள்ளைக்கு இழக்க நிறைய இருக்கிறது. அந்தப் பிடிப்பு அறும்போதுதான் ஆபத்து. அடித்துத் திருத்துவதல்ல இதன் பொருள். பையன் எங்கே, யாரோடு இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரிந்திருப்பது.

"அவன் ரவுடிப்பய"

முத்திரை குத்தினால் அதுவே அவன் அடையாளமாகிவிடும் என்றார் ஹோவர்ட் பெக்கர் (1963). 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்திலும் இந்தப் பார்வை உண்டு. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைக் 'குற்றவாளி' என்று அது சொல்வதில்லை. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்கிறது. பெயர், படம், பள்ளி விவரத்தை வெளியிடவும் தடை. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதும் தப்புதான்.

அப்படின்னா தப்பிச்சிருவாங்களா? இல்லை. வழக்கு இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்றத்தில் சிக்கினால், மதிப்பீட்டுக்குப் பின் வயது வந்தவரைப் போல விசாரிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

எது சரி?

தனியாக எதுவும் முழுப் பதில் இல்லை. ஆனால் நம்பிக்கை தரும் ஒரு முடிவு உண்டு. விடலைப் பருவத்தில் தப்பு செய்பவர்களில் பெரும்பாலானோர் வயது ஏறும்போது தாமாகவே விலகிவிடுகிறார்கள். சிறு பகுதியினரே தொடர்கிறார்கள் என்று 1993-ல் விளக்கினார் உளவியல் அறிஞர் டெரி மாஃபிட். அந்தச் சில வருஷங்களில் வீடும் பள்ளியும் கைவிடாமல் இருப்பதுதான் முக்கியம்.

நாங்குநேரியில் வெட்டுப்பட்ட மாணவர், காயத்தோடு படித்து பிளஸ் டூவில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். தாக்குதலுக்கு முன்பே அவர் பள்ளியில் தொந்தரவு பற்றிச் சொல்லியிருந்தார். உங்கள் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அப்படி ஏதாவது சொன்னால் 'பசங்க சண்டை' என்று தள்ளிவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.