வைட்டமின் இ தோற்றது, கொள்கையும் தோற்றதா? எல்.டி.எல். ஆக்சிஜனேற்றக் கொள்கை பற்றிய ஒரு மறுவாசிப்பு

தமனிச் சுவரில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 1970களின் இறுதியில் ஒரு விடை இருந்தது. அந்த விடைக்குள்ளேயே ஒரு முரண்பாடும் இருந்தது. இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகளைச் செல்கள் உள்ளிழுத்துக்கொள்ள ஓர் ஏற்பி வேண்டும். அந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்கள் டல்லாஸில் பணியாற்றிய ஜோசப் கோல்ட்ஸ்டைனும் மைக்கேல் பிரவுனும். பிறவியிலேயே அந்த ஏற்பி இல்லாதவர்களுக்கு மிக இளவயதில் மாரடைப்பு வருகிறது. அவர்களுடைய தமனிச் சுவரில் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் கொலஸ்டிராலால் உப்பி, நுண்ணோக்கியில் நுரைபோலத் தெரிகின்றன. ஏற்பியே இல்லை என்றால் கொழுப்பு எந்த வாசல் வழியாகப் புகுந்தது? வளர்ப்புத் தட்டில் இருக்கும் மேக்ரோஃபேஜுக்கு இயல்பான எல்.டி.எல்.லை எவ்வளவு ஊட்டினாலும் அது நுரைச் செல்லாக மாறுவதில்லை. 1979-இல் அவ்விருவரும் சகாக்களும் ஒரு துப்புக் கொடுத்தார்கள். அசிட்டைல் தொகுதி ஏற்றி மாற்றிய எல்.டி.எல். என்றால் அதே செல் அதை அளவின்றி விழுங்குகிறது. ஆனால் உடலுக்குள் அப்படி அசிட்டைல் ஏறுவதற்குச் சான்று கிடைக்கவில்லை. அப்படியானால் உடலில் எல்.டி.எல்.லை மாற்றுவது எது?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையே ஆக்சிஜனேற்றக் கொள்கை. 1980களில் அது ஆய்வகங்களை ஆட்கொண்டது, 1990களில் மருந்துக்கடைகளை. 2000-க்குப் பிறகு பெரிய மருத்துவச் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தபோது பலர் அதை மூடிவைத்துவிட்டார்கள். அந்தச் சோதனைகள் தோற்கடித்தது வைட்டமின் இ என்ற ஒரு மாத்திரையைத்தான், கொள்கையை அவை உண்மையில் சோதிக்கவே இல்லை என்பது என் வாதம். ஆனால் கொள்கையின் ஆதரவாளர்கள் இதையே கேடயமாக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவதும் எனக்கு ஏற்புடையதில்லை. எந்தச் சோதனையில் தோற்றால் இதைக் கைவிடுவோம் என்று சொல்ல முடியாத கொள்கை அறிவியலுக்கு உதவாது.

முதலில் அந்த விடை எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டேனியல் ஸ்டைன்பெர்க் தலைமையில் இயங்கிய குழு, 1981-இல் எளிய சோதனை ஒன்றைச் செய்தது. இரத்தநாளத்தின் உட்படலச் செல்களோடு எல்.டி.எல்.லைச் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு அதை மேக்ரோஃபேஜுக்குக் கொடுத்தார்கள். மேக்ரோஃபேஜ் அதைப் பல மடங்கு வேகமாக விழுங்கியது. அந்தச் செல்கள் எல்.டி.எல்.லை என்ன செய்தன என்பதை 1984-இல் ஸ்டைன்பிரெக்கர், சம்பத் பார்த்தசாரதி, விட்ஸ்டம் முதலியோர் விளக்கினார்கள். நடந்தது கொழுப்புப் பெராக்சிடேற்றம். ஊடகத்தில் வைட்டமின் இ சேர்த்தால் அந்த மாற்றம் நிகழவில்லை, உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்தாலும் நிகழவில்லை.

பெராக்சிடேற்றம் என்ற சொல்தான் புதிது, பொருள் நம் நாக்குக்குத் தெரிந்ததே. நாள்பட்ட வேர்க்கடலையை மென்றால் வரும் காறல் அதுதான். நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜனை ஒரு தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) பறிக்கிறது. அந்த இடத்தில் ஆக்சிஜன் ஒட்டுகிறது. ஒட்டியது அடுத்த மூலக்கூறிடம் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. இப்படிச் சங்கிலியாக ஓடும் வினையின் விளைபொருள்கள் உடைந்து ஆல்டிஹைடுகள் ஆகின்றன. அந்த ஆல்டிஹைடுகள் எல்.டி.எல்.லைச் சுற்றியிருக்கும் அப்போ-பி புரதத்தின் லைசின்களோடு பிணைந்து அவற்றின் நேர்மின்னூட்டத்தை அழிக்கின்றன. வடிவம் மாறிய அந்தத் துகளைப் பழைய ஏற்பி அடையாளம் கண்டுகொள்வதில்லை. மேக்ரோஃபேஜின் துப்புரவு ஏற்பிகள் கண்டுகொள்கின்றன, அவற்றுக்குப் போதும் என்பதே தெரியாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர் பார்த்தசாரதி. கொழுப்பு உயிர்வேதியியலாளருக்கே உரிய கண்ணோடு அவர் இதில் இன்னொன்றையும் பார்த்தார். ஆக்சிஜனேற்றத்தின்போது எல்.டி.எல்.லின் பாஸ்போலிப்பிடுகள் வெட்டுப்பட்டு லைசோலெசித்தின் உண்டாகிறது. இரத்தத்தில் ஓடும் மோனோசைட்டுகளைத் தமனிச் சுவரை நோக்கி இழுக்கும் பொருள் அதுவே என்பதை 1987, 1988 ஆண்டுகளில் குவின், பார்த்தசாரதி, ஸ்டைன்பெர்க் ஆகியோர் வெளியிட்ட கட்டுரைகள் காட்டின. அதே ஆக்சிஜனேறிய எல்.டி.எல்., உள்ளே வந்து மேக்ரோஃபேஜாக மாறிய செல்லின் நகர்வைத் தடுக்கவும் செய்கிறது. அழைப்பதும் அதுவே, வெளியே போகவிடாமல் பிடித்துவைப்பதும் அதுவே. இந்தக் கொள்கையில் என்னை முதலில் ஈர்த்தது இந்த இரட்டைச் செயல்தான். கொலஸ்டிரால் கூடினால் தமனி அடைபடும் என்ற பொதுக் கூற்று, இங்கே படிப்படியாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்வுத்தொடராகிறது. 1987-இல் பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகுந்த முயல்களுக்குப் புரோபுகால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது தமனிப் படிவுகள் குறைந்தன. 1989-இல் முயலின் படிவுகளிலும் மனிதப் படிவுகளிலும் ஆக்சிஜனேறிய எல்.டி.எல். இருப்பது காட்டப்பட்டது.

இதன் பிறகு நடந்த தாவல்தான் பிழை. ஆக்சிஜனேற்றம் கெடுதல், வைட்டமின் இ ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது, எனவே வைட்டமின் இ இதயத்தைக் காக்கும். இந்த மூன்று வாக்கியங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை யாரும் அளக்கவில்லை. 1993-இல் அமெரிக்கச் செவிலியர் 87,245 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் வைட்டமின் இ எடுத்துக்கொண்டவர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. 1996-இல் கேம்பிரிட்ஜில் 2,002 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் உயிர்போகாத மாரடைப்பு 77 சதவீதம் குறைந்தது. இதயநோய் இறப்பு குறையவில்லை என்ற செய்தி அந்த மகிழ்ச்சியில் யார் காதிலும் விழவில்லை. பிறகு பெரிய சோதனைகள் வந்தன. 2000-இல் ஹோப் சோதனை: 9,541 பேர், நாளுக்கு 400 அலகு, நாலரை ஆண்டுகள், பலன் இல்லை. 2002-இல் பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு: 20,536 பேரில் பாதிப் பேருக்கு வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் கொடுத்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் இ ஏறக்குறைய இரட்டிப்பானது, நோயில் எந்த மாற்றமும் இல்லை. அதே ஆய்வில், அதே மக்களிடம், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் பெரிய இதய-இரத்தநாள நிகழ்வுகளை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தது. இதைவிடத் தெளிவான ஒப்பீடு வாய்க்காது. கொள்கையை மூடியவர்கள் காரணமின்றி மூடவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் வேதியியலுக்குத் திரும்பினால் இந்தத் தோல்வி வியப்பளிப்பதில்லை. வைட்டமின் இ சங்கிலியை அறுப்பது. ஓடிக்கொண்டிருக்கும் வினையை அது நிறுத்தும், ஏற்கனவே உருவாகிவிட்ட பெராக்சைடை ஒன்றும் செய்யாது. மாரடைப்பு வந்தவருக்கு ஐம்பது, அறுபது வயதில் மாத்திரை கொடுக்கும்போது அவருடைய தமனிச் சுவரில் பல்லாண்டுப் பெராக்சைடு சேர்ந்திருக்கிறது. முயலிடம் படிவு தொடங்கும் முன்பே கொடுத்த மருந்தையும் இதையும் ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும்? 2009-இல் பார்த்தசாரதியின் குழு இன்னும் ஒரு படி போனது. முன்பே உருவான பெராக்சைடுகள் சிதைவதை வைட்டமின் இ தடுப்பதில்லை, நச்சு ஆல்டிஹைடுகள் தேங்கவும் அது இடம் கொடுக்கக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். ஆல்டிஹைடு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கார்பாக்சிலிக் அமிலமாகிறது, அது தீங்கு குறைந்த பொருள். அதாவது முதல் ஆக்சிஜனேற்றம் காயம், கடைசி ஆக்சிஜனேற்றம் கழிவகற்றல். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மருந்தால் அடக்க முயன்றதே கோளாறு என்று அவர்கள் ஆய்விலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். லினோலிக் அமிலப் பெராக்சிடேற்றத்தின் இறுதி விளைபொருளான அசலிக் அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது தமனிப் படிவு குறைந்தது என்று அதே குழு 2010-இல் எழுதியது. தோல் மருத்துவர்கள் முகப்பருவுக்கு எழுதிக்கொடுக்கும் அதே அமிலம்தான்.

வைட்டமின் இ தோற்க வேறு காரணங்களும் உண்டு. வெள்ளணுக்களின் மைலோபெராக்சிடேஸ் நொதி உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் புரதத்தை நேரடியாகத் தாக்குகிறது, அதன் குறுக்கே வைட்டமின் இ வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் ரோலண்ட் ஸ்டாக்கரும் சகாக்களும், துணைத் தடுப்பிகள் இல்லாத சூழலில் எல்.டி.எல்.லுக்குள் இருக்கும் வைட்டமின் இ பெராக்சிடேற்றத்தைத் தானே முன்னெடுக்கவும் கூடும் என்று காட்டினார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது அளவீட்டுக் குறைபாடு. ஸ்டாட்டின் சோதனை எதிலும் கொலஸ்டிராலை அளக்காமல் விட்டிருப்பார்களா? ஆனால் வைட்டமின் இ சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள், ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகுந்தவர்கள் என்று அளந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். உடலில் கொழுப்புப் பெராக்சிடேற்றத்தைக் காட்டும் நம்பகமான அடையாளமான எஃப்2-ஐசோபுரோஸ்டேன்கள் 1990-இலேயே அறிவிக்கப்பட்டிருந்தன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2007-இல் அவற்றைக் கொண்டு அளந்தபோது, கொலஸ்டிரால் மிகுந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்பட நாளுக்கு 1,600 அலகுக்குக் குறையாமல், பல வாரங்கள் தேவைப்பட்டது. பெரும்பாலான சோதனைகள் கொடுத்ததோ 400 அலகோ அதற்கு அருகிலோதான். இரத்த அழுத்தத்தைக் குறைக்காத அளவில் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, அழுத்தத்துக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பில்லை என்று யாரும் எழுதமாட்டார்கள். இங்கே எழுதினார்கள். அதற்காக அளவைக் கூட்டிக் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 400 அலகும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் மொத்த இறப்பு சற்றே கூடியிருப்பதாகக் கண்டது. இந்த மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவோருக்கு அதுவே எச்சரிக்கை.

ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேலில் ஒரு சான்று உண்டு. இரத்தத்தில் கசியும் ஹீமோகுளோபினைப் பிடித்து அதன் ஆக்சிஜனேற்றச் சேட்டையை அடக்குவது ஹாப்டோகுளோபின் என்ற புரதம். அதன் 2-2 வகை மரபைக் கொண்டவர்களிடம் இந்தக் காவல் பலவீனம். அவ்வகை நீரிழிவு நோயாளிகள் 1,434 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான சோதனையில் 400 அலகு வைட்டமின் இ பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4.7 சதவீதத்தினருக்கும் இதய-இரத்தநாள நிகழ்வுகள் ஏற்பட்டன. சோதனை இடையில் நிறுத்தப்பட்டது, எண்ணிக்கையும் சிறியது. இதை முடிந்த முடிவாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்ட சோதனை இது.

கொள்கைக்கு எதிரான வலுவான சான்று வைட்டமின் இ அன்று, சக்சினோபுகால்தான். புரோபுகாலிலிருந்து உருவான அந்த மருந்தை 6,144 பேரிடம் சோதித்த அரைஸ் ஆய்வு 2008-இல் முதன்மை இலக்கில் தோற்றது. அந்த மருந்து கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி நல்ல கொலஸ்டிராலைக் குறைத்தது என்ற சமாதானம் உண்மையே. ஆனால் முழுச் சமாதானம் ஆகாது.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு மிகவும் பொருள் உள்ளதாகப் படுவது உடற்பயிற்சி பற்றிய கேள்வி. ஓடும்போது தசை ஆக்சிஜனைப் பல மடங்கு நுகர்கிறது, தனி உறுப்புகளும் பெருகுகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் முழுக்கவே கெடுதல் என்றால் ஓட்டப்பயிற்சி இதயத்தைக் கெடுக்க வேண்டும். பார்த்தசாரதியின் குழு 2001-இல், எல்.டி.எல். ஏற்பி இல்லாத எலிகளை ஓடுபட்டையில் ஓடவிட்டது. அவற்றின் தமனியில் கேட்டலேஸ் நொதியும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதியும் கூடின, படிவு குறைந்தது. வைட்டமின் இ-யும் சேர்த்துக் கொடுத்த எலிகளில் பயிற்சியின் நற்பலன் மங்கியது. 2009-இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ குழு மனிதர்களிடம் இதற்கு இணையானதைக் கண்டது. வைட்டமின் சி, இ எடுத்தவர்களுக்கு நாலு வாரப் பயிற்சியால் வரவேண்டிய இன்சுலின் உணர்திறன் மேம்பாடு கிட்டவில்லை. சிறு அழுத்தம் உடலின் சொந்தக் காவலை எழுப்புகிறது. வெளியிலிருந்து வந்த தடுப்பி அந்த எழுப்பொலியை அமுக்கிவிடுகிறது.

இந்த வழியில் பார்த்தசாரதியின் ஆய்வு நல்லெண்ணெய்க்கும் வந்தது. 2006-இல், அதே வகை எலிகளுக்கு நல்லெண்ணெய் கலந்த உணவைக் கொடுத்தபோது தமனிப் படிவு குறைந்தது. பின்னர் எண்ணெயின் கொழுப்பு நீக்கிய நீர்ச்சாற்றுக்கே அழற்சி தணிக்கும் ஆற்றல் இருப்பதாக 2015-இல் எழுதினார்கள். நம் வீட்டு எண்ணெய் என்பதால் நமக்கு ஆவல் எழுவது இயல்பு. ஆனால் இவை எலியிலும் செல்லிலும் கண்டவை. வைட்டமின் இ-யும் ஒரு காலத்தில் அந்தப் படியில்தான் நின்றது.

அப்படியானால் எதில் தோற்றால் கொள்கையைக் கைவிடுவது? ஐசோபுரோஸ்டேன் அளவு உயர்ந்திருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், படிவு முற்றும் முன் தொடங்க வேண்டும், உருவான பெராக்சைடையும் ஆல்டிஹைடையும் அகற்றும் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும், கொலஸ்டிரால் அளவுகளை அது தொடக்கூடாது, அடையாள அளவு இறங்கியதை அளந்து காட்ட வேண்டும். இத்தனையும் நிறைவேறி, ஐந்தாண்டுக்குப் பிறகும் இரு குழுக்களின் தமனிச் சுவரிலும் மாரடைப்பு எண்ணிக்கையிலும் வேறுபாடு இல்லையென்றால், ஆக்சிஜனேறிய எல்.டி.எல். நோயின் காரணமன்று, அதன் சாம்பல்தான் என்று நான் எழுதுவேன்.