போரோடு வந்த களை

1987 இல் வந்த இந்திய அமைதிப்படை 1990 இல் திரும்பிச் சென்றது. அதனோடு வந்ததாகக் கருதப்படும் ஒன்று மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதுதான் பார்த்தீனியம். படையினரின் இறைச்சிக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் விதைகள் வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட இச்செடி குடாநாட்டிலும் வேரூன்றியது. இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வளவுகள் அதற்கு வாய்ப்பாயின.

ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைச் சொரியும். தோல் அழற்சி, மூச்சிழுப்பு ஆகியவற்றையும் உண்டாக்கும்.

களைகொல்லி தெளித்தால் போதாதா என்பார் உளர். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். இன்று நிலத்தில் ஊற்றும் நஞ்சு நாளை நம் வாளியிலேயே ஏறி வரலாம். உப்புக் கரைசலும் மண்ணைக் கெடுக்கும்.

ஆகவே நம்பத்தக்க கருவி கைதான். மழையில் மண் இளகியிருக்கையில், பூக்குமுன், கையுறையும் முகமூடியும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்ட செடியைப் பசளைக் குழியில் இடலாகாது. வெறும் நிலத்தைப் பயிராலோ சருகாலோ மூடிவைத்தல் நன்று.

உங்கள் வளவைத் துப்புரவாக்கினாலும், உரிமையாளர் புலம்பெயர்ந்த பக்கத்து வளவிலிருந்து விதை பறந்து வரும். அந்த வேலியையும் தாண்டிச் சென்று பிடுங்கினாலன்றி இக்களை தீராது.