உருளி

அகன்ற வாயும் ஆழம் குறைந்த வயிறும் கொண்ட, வார்ப்பில் செய்த கனமான சமையல் பாத்திரம். கேரள வீடுகளிலும் அதையொட்டிய குமரி மாவட்டத்திலும் புழங்குவது. செம்போடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்த்த வெண்கலமே இதற்குரிய உலோகம். ஆலப்புழை மாவட்டத்து மான்னார் இந்த வார்ப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர். மெழுகில் வடிவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, உருகி வெளியேறிய மெழுகின் இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

உருளியின் சிறப்பு அதன் வாயில் இருக்கிறது. பரப்பு அதிகம் என்பதால் நீர் சீக்கிரம் வற்றும். அடி தடிமனாதலால் சூடு சீராகப் பரவும். பலாச்சுளையும் வெல்லமும் சுண்டச் சுண்டக் கிளறும் சக்கவரட்டிக்கு இதைவிடத் தோதான பாத்திரம் இல்லை. பாயசம், அவியல், எரிசேரி எல்லாம் இதிலேயே ஆகும். எண்ணெய் ஊற்றி நேந்திரங்காய் வறுக்கலாம். வைத்தியர்கள் லேகியமும் தைலமும் காய்ச்சுவதும் உருளியில்தான்.

அடுப்பை அணைத்த பிறகும் கொதி அடங்க நேரமாகும். பதம் வருவதற்குச் சற்று முன்பே அணைப்பது கைப்பழக்கம்.

பித்தளை உருளிக்கு உட்புறம் ஈயம் பூச வேண்டும், இல்லையேல் புளி சேர்ந்த குழம்பு களிம்பேறும். வெண்கலத்துக்குப் பொதுவாக அது தேவையில்லை. ஆனால் உறுதியானதுபோல் தோன்றும் வெண்கலம் கல்தரையில் விழுந்தால் விரிசல் விடக்கூடியது.

சித்திரை விஷுவன்று கனி வைப்பதும் உருளியில். நகரத்து வரவேற்பறைகளிலோ தண்ணீரும் பூவும் மிதக்க அலங்காரமாகிவிட்டது. அடுப்புக்கு அது நட்டம்தான்.