கிழிக்கப்பட்ட அட்டை: அமெரிக்கத் தேர்தல் விளம்பரமும் முதியோர் வாக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதியோர் தனியொரு வாக்காளர் கூட்டமாகத் திரண்டமை 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தின் விளைவாகும். 60 வயது கடந்தோர்க்கு அரசினர் மாதந்தோறும் 200 டொலர் வழங்கல் வேண்டுமெனக் கலிபோர்ணியாவில் வைத்தியர் தவுன்சென்ட் 1933இல் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவிற்று. 1935ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆந் திகதி சனாதிபதி றூஸ்வெல்ற் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற் கைச்சாத்திட்டார். இச்சட்டப்படி தொழிலாளி உழைக்குங் காலமெல்லாந் தன் ஊதியத்தில் ஒரு பங்கைச் செலுத்துகின்றான். ஆதலின், முதுமையிற் பெறும் பணத்தை அவன் பிச்சையெனக் கொள்வதில்லை. தனக்கு இறுக்கப்படவேண்டிய கடனென்றே கருதுகின்றான். பிற்காலத்துத் தொலைக்காட்சி விளம்பரங்கள் பற்றிக்கொண்டது இவ்வுணர்ச்சியையே.

1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குடியரசுக் கட்சி அபேட்சகராக நிற்க முயன்ற கோல்ட்வாட்டர், இத்திட்டத்திற் சேர்வதை அவரவர் விருப்பத்திற்கு விடலாமென நியூ ஹம்சயரிற் கூறினார். அவ்வொரு சொல்லே அவர்க்குக் கூற்றாயிற்று. சனாதிபதி ஜோன்சனின் சார்பில் வெளியிடப்பட்ட விளம்பரத்தில் முகமெதுவுந் தோன்றவில்லை. இரு கைகள் ஒரு சமூகப் பாதுகாப்பு அட்டையைப் பற்றி இரண்டாகக் கிழித்தன. அவ்வட்டையைப் பேணி வைத்திருந்த முதியவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. திட்டத்தை ஒழிப்பது தம் நோக்கமன்றெனக் கோல்ட்வாட்டர் மறுத்துரைத்தும் பயனில்லை. மறுப்புரைக்குப் பல நிமிடம் வேண்டும், கிழித்தற்குச் சில விநாடி போதும். எனினும் அவ்விளம்பரத்தை முழுப்பொய் என்றலும் நேர்மையாகாது. இயன்றோர் விலகின், எஞ்சியோர்க்குரிய நிதி மெலிவடையுமன்றோ? கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களை மட்டுமே வென்றார். முந்திய மூன்று தேர்தல்களிலுங் குடியரசுக் கட்சியைச் சார்ந்து நின்றதும், இளைப்பாறியோர் மிகுதியாகக் குடியேறியதுமான புளோரிடாவும் ஜோன்சன் பக்கஞ் சாய்ந்தது. அணுவாயுதப் போர் பற்றிய அச்சம் முதலிய பிற காரணங்களும் அத்தேர்தலிற் கலந்திருந்தமையால், வெற்றி முழுவதையும் அட்டையின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

இவ்வனுபவத்தைக் குடியரசுக் கட்சியினர் மறக்கவில்லை. 1982இல் அவர்கள் அச்சத்தை விடுத்து நன்றியுணர்ச்சியை நாடினர். நரைத்த தலையினரான தபாற்காரர் ஒருவர், நூற்றுக்கு 7.4 வீதம் உயர்ந்த காசோலைகளை விநியோகித்தவாறு, சனாதிபதி றேகன் வாக்கைக் காப்பாற்றினார் என்று புகழ்ந்தார். விலைவாசிக்கேற்பத் தொகை தானாகவே உயருமென 1972இலேயே சட்டமாக்கப்பட்டிருந்ததை அவர் கூறவில்லை. முற்பட இளைப்பாறுவோரின் தொகையைக் குறைக்க 1981இல் றேகன் அரசாங்கமே முயன்றதையும், செனற் சபை அதனை 96 வாக்குகளால் ஒருமுகமாக எதிர்த்ததையுங் கூறவில்லை. மலிவான புகழ்ச்சி!

2011இல் வெளியான வேறொரு விளம்பரப் படத்தில் அச்சமே மீண்டது. முதியோர் மருத்துவக் காப்புறுதியை மாற்றியமைக்கப் போல் றயன் முன்வைத்த திட்டத்தை எதிர்த்த அப்படத்தில், சக்கர நாற்காலியிலிருந்த பாட்டியை ஒருவர் மலைவிளிம்பிலிருந்து தள்ளிவிடுகின்றார். றயனின் திட்டமோ அன்று 55 வயதிற்குட்பட்டோரைப் பற்றியது. அப்பாட்டியை அது தீண்டியிராது.