சுவடும் மயக்கமும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஒன்பது நாள்களுக்குள், இரு வேறு கண்டங்களில் இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. அம்மாதம் 13ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீதியிற் செல்லும் எந்தச் சாரதியையும் எழுமாறாக மறித்து, அவரது உமிழ்நீரிற் போதைப்பொருள் உண்டா எனச் சோதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. உலகில் இத்தகைய முறை அதுவே முதலாவது. அதே மாதம் 21ஆம் திகதி ஜேர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், குருதியிற் கஞ்சாவின் சுவடு காணப்பட்டது என்பது மாத்திரம் ஒரு சாரதியைத் தண்டிக்கப் போதாது எனத் தீர்ப்பளித்தது. ஒரே வினாவுக்கு இரு விடைகள். இவ்விடைகள் பிறந்த வரலாற்றை நாம் நோக்குவோமாயின், அளவுகருவி ஒன்று சட்டத்தின் துணையாக நிற்பதும் சட்டத்தின் எசமானாக மாறுவதும் எவ்வாறு என்பது தெளிவாகும்.

இவ்வரலாற்றின் தோற்றுவாய் மதுவாகும். மோட்டார் வாகனம் பெருகத் தொடங்கிய காலத்தில் ஒரு சாரதி குடித்திருந்தாரா என்பதைப் பொலிசாரின் கண்ணும் மூக்குமே தீர்மானித்தன. வாயை முகர்வதும், கோட்டின்மீது நேராக நடக்கச் சொல்வதுமே சாட்சியங்கள். செல்வாக்கு உள்ளவர் தப்புவதற்கும் எளியவர் அகப்படுவதற்கும் அங்கே தாராளமாக இடமிருந்தது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி விட்மார்க் குருதியிலுள்ள மதுசாரத்தை அளக்கும் முறையை 1920களில் வகுத்து வளர்த்தார். நோர்வே 1936இல் 0.05 வீதம் என்னும் எல்லையைச் சட்டமாக்கியது. 1954இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த போர்க்கென்ஸ்ரைன் மூச்சின் வழியே மதுசாரத்தை அளக்கும் கருவியை ஆக்கினார். கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் அவர் தலைமையில் நடைபெற்று 1964இல் வெளிவந்த ஆய்வு, குருதியில் மதுசாரம் ஏற ஏற விபத்தின் அபாயமும் ஏறுகின்றது என்பதை நிலைநாட்டியது. பிரித்தானியா 1967இல் 100 மில்லிலீற்றர் குருதிக்கு 80 மில்லிகிராம் என எல்லை வகுத்தது.

இச்சட்டங்கள் மனித உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. விக்டோரியா மாநிலத்தில் 1970ஆம் ஆண்டில் மாத்திரம் 1,061 பேர் வீதிகளில் மாண்டனர். அவ்வாண்டே அங்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது; 1976இல் எழுமாறான மூச்சுப் பரிசோதனை தொடங்கிற்று. வாகனங்கள் பெருகியும், நூற்றாண்டின் இறுதியில் மரணத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மூச்சுக் கருவியின்மீது பொதுமக்கள் கொண்ட நம்பிக்கை இவ்வாறு உழைத்துப் பெற்ற நம்பிக்கையாகும்.

அந்த நம்பிக்கையையே 2004இல் உமிழ்நீர்க் கருவி கடனாகப் பெற்றுக்கொண்டது. ஆனால் மதுவுக்குப் பொருந்திய நியாயம் கஞ்சாவுக்குப் பொருந்துமா? மதுசாரம் நீரிற் கரைந்து உடலெங்கும் பரவுவது. ஏறத்தாழச் சீரான வேகத்தில் உடலை விட்டு நீங்குவது. குருதியில் எவ்வளவோ அவ்வளவே மயக்கம் என்று பொதுவாகக் கூறலாம். கஞ்சாவில் மயக்கந்தரும் கூறாகிய ரீ.எச்.சி. கொழுப்பிற் கரைவது. புகைத்த சில நிமிடங்களிற் குருதியில் உச்சத்தை அடைந்து விரைந்து இறங்குகின்றது. கொழுப்பிற் படிந்த பகுதியோ சிறுகச் சிறுகக் கசிந்து, நாள்தோறும் பயன்படுத்துவோரின் குருதியிற் பல நாள்கள் வரை தங்கக்கூடும். உமிழ்நீரிற் காணப்படுவது பெரும்பாலும் புகைக்கும்போது வாயிற் படிந்த எச்சமே. 2021இற் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர் பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோது, உட்கொண்ட அளவையும் முறையையும் பொறுத்து மயக்கம் 3 மணி முதல் 10 மணி நேரம் வரை நிலைக்கின்றது எனக் கண்டனர். எனவே, சுவடு எஞ்சியிருக்க மயக்கம் தீர்ந்துவிடுதல் இயல்பே.

விக்டோரியாவின் சட்டம் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. எவ்வளவு என்று அது கேட்பதில்லை. உண்டா இல்லையா என்றே கேட்கின்றது. சோதனை தொடங்கிய முதல் நாளிலேயே, பத்திரிகையாளர் சூழ்ந்து நிற்க, ஒரு சாரதி கஞ்சா பாவித்தவர் எனக் காட்டப்பட்டார். பின்னர் ஆய்வுகூடச் சோதனை அவர் குற்றமற்றவர் என உறுதிசெய்தது. ஆனால் அவரது முகத்தை நாடு முழுவதும் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

ஜேர்மனிய நீதிமன்றம் எதிர்நோக்கியதும் இதே சிக்கலே. 1998இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டம், மயக்கம் நீடிக்கும் காலமும் சுவடு தென்படும் காலமும் ஒன்றே என்ற எண்ணத்தில் இயற்றப்பட்டது. கருவிகள் நுட்பமடையவே சுவடு தென்படும் காலம் நீண்டது. மயக்கத்தின் காலம் நீளவில்லை. மாறியது சாரதியின் நடத்தையல்ல, ஆய்வுகூடத்தின் கூர்மையே. இதனைக் கண்ட நீதிமன்றம், மயக்கம் இருந்திருக்கக்கூடும் என்று கொள்ளத்தக்க அளவு வேண்டும் என விதித்தது. ஒரு மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்பது அளவுகோலாயிற்று. 2024 ஆகஸ்டில் அது 3.5 நனோகிராமாக உயர்த்தப்பட்டது.

விக்டோரியாவில் முரண்பாடு முற்றியது 2016இலாகும். அவ்வாண்டு அவுஸ்திரேலியாவிற் கஞ்சா மருந்தாகச் சட்டபூர்வ அங்கீகாரம் பெற்றது. ஒரு கையால் மருந்தைக் கொடுத்த அரசு மறுகையால் அனுமதிப்பத்திரத்தைப் பறித்தது. தீராத வலியால் வருந்தும் ஒருவர், வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தை இரவில் உட்கொண்டு, மறுநாள் தெளிந்த அறிவுடன் வேலைக்குச் சென்றாலும் குற்றவாளியே. மயக்கந்தரும் உறக்க மாத்திரையை விழுங்கியவரோ அக்கருவியிற் சிக்குவதில்லை. அவரது ஓட்டம் தடுமாறியது என நிரூபித்தாலன்றி அவருக்குத் தண்டனையில்லை. 2025 மார்ச் முதலாம் திகதியே, மயக்கமின்றி வாகனமோட்டிய நோயாளியின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யாது விடும் உரிமை நீதவானுக்கு வழங்கப்பட்டது. அப்போதும் குற்றம் குற்றமாகவே சட்டத்தில் நின்றது.

கஞ்சா மயக்கத்தில் வாகனமோட்டலாம் என நாம் வாதிடவில்லை. அது கவனத்தைச் சிதறடிக்கின்றது. தடம் பிசகச் செய்கின்றது. மதுவுடன் சேரும்போது அபாயம் பன்மடங்காகின்றது. வீதியிற் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரத்துக்கு முன்னால் எந்தச் சட்ட நுணுக்கமும் சிறியதே. ஆனால் எண்ணால் மாத்திரம் இதனைத் தீர்த்துவிடவும் இயலாது. ரீ.எச்.சி. அளவுக்கும் மயக்கத்துக்கும் நெருங்கிய தொடர்பு காணப்படவில்லை என அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2017இற் காங்கிரசுக்கு அளித்த அறிக்கை கூறிற்று. மயக்கத்தையே நேரிற் கண்டறியும் வழிகளில், பயிற்சி பெற்ற அலுவலரின் அவதானிப்பும் ஆய்வுகூட முடிவும் ஒன்றுக்கொன்று சான்றாக நிற்க வேண்டியுள்ளது.

வாகனத்தை நம்பி வயிறு வளர்க்கும் தொழிலாளிக்கு அனுமதிப்பத்திரம் வெறுந்தாளன்று. அடுப்பில் உலையேற்றுவது அதுவே. பணமுள்ளவர் வேறொரு சாரதியை அமர்த்திக்கொள்வார், இவரோ வேலையிழப்பார். ஆதலின் அதனைப் பறிக்கும் சட்டம், அபாயம் விளைத்தவரையும் எச்சம் தாங்கியவரையும் பிரித்தறியும் கடமையுடையது. வீதியின் பாதுகாப்பும் தொழிலாளியின் வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒருங்கே காக்கும் சட்டத்தையே மக்கள் தம்முடையதெனக் கொள்வர்.