பதக்கம் போன பின்: சாந்தி சௌந்தரராஜனின் ஓட்டமும் பிற்கால வாழ்வும்

2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியின் மகளிர் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து வெள்ளி வென்றார் சாந்தி சௌந்தரராஜன். அடுத்து வந்த கசகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 விநாடிதான். சில நாட்களில் பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி வந்தது, பதக்கம் பறிக்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த அவர், 2012இல் செங்கல் சூளையில் சுமார் 200 ரூபாய் தினக்கூலிக்கு நின்றார். பத்திரிகைகள் இதை வறுமையின் கதையாகவே எழுதின. அந்த விளக்கம் போதாது. வறுமையில் இருந்தபோதுதான் அவர் தோகா வரை ஓடினார். கிராமத்து ஓட்டக்காரரின் பிற்கால வாழ்வு, அவர் ஓடிய ஓட்டத்துக்குச் சான்று எழுதும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருநெல்வேலி மாவட்டச் சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்குக்கு ஒரு பெண்பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் வீட்டில் ரயில்வே, போலீஸ், விளையாட்டு ஒதுக்கீடு என்ற பேச்சு எழாமல் இருக்காது. அந்த வேலைகளுக்கான விண்ணப்பத்தில் கால்களின் வேகத்தை எழுத இடமில்லை. எந்தப் போட்டி, எந்த இடம், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் என்பதே கேள்வி. பி.டி. உஷாவுக்குத் தெற்கு ரயில்வேயும் மில்கா சிங்குக்குப் பஞ்சாப் அரசும் வேலை தந்தது அவர்கள் பெற்ற வெற்றிகள் ஏட்டில் நிலைத்ததால். கிரேக்கத்தின் ஸ்பிரிடோன் லூயிஸ் இன்னும் தெளிவான சான்று. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானை வென்றபின் அவர் போட்டிகளில் ஓடவே இல்லை. ஊரில் விவசாயம் பார்த்தார், போலீஸ்காரராக இருந்தார். 1926இல் ஆவண மோசடி வழக்கில் கைதாகி, ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்து விடுதலையானார். அப்போதும் 1896இன் வெற்றியை யாரும் தொடவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். சிறை சென்றவருக்குப் பட்டம் மிஞ்சியது. எந்தக் குற்றமும் சுமத்தப்படாத சாந்திக்கு அது மிஞ்சவில்லை.

மகளிர் பிரிவுக்கு வரம்பு வேண்டாமா, மற்ற வீராங்கனைகளுக்கு நியாயம் வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானது. அதற்கான விடையும் நிலையாக நிற்கவில்லை: 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் இந்திய ஓட்டக்காரர் டூட்டி சந்தின் வழக்கில் மகளிர் பிரிவுக்கான ஹார்மோன் அளவு விதியை நிறுத்திவைத்தது, 2019இல் தென்னாப்பிரிக்க ஓட்டக்காரர் காஸ்டர் செமன்யாவின் வழக்கில் புதிய விதியை ஏற்றது. 2006இல் எழுதிவைத்த ஹார்மோன் வரம்பே கிடையாது, அது வந்தது 2011இல். வரம்பு தேவை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தரங்கமான மருத்துவ விவரம் ஊடகத்துக்குப் போனதையும், இருபத்தைந்து வயதுப் பெண்ணின் பிழைப்பு அதோடு சேர்ந்து போனதையும் அந்தத் தேவை நியாயப்படுத்தாது. போட்டிக்குத் தகுதி வேறு, வாழ்வதற்கான தகுதி வேறு.

தமிழக அரசு சாந்திக்கு 15 லட்சம் ரூபாய் கொடுக்கவில்லையா என்பது அடுத்த மறுப்பு. கொடுத்தது, அந்த நேரத்தில் அது துணிச்சலான செயலும்கூட. ஆனால் பரிசு ஒருமுறை வருவது, சம்பளம் மாதாமாதம் வருவது. பிள்ளைகளுக்கு அவர் பயிற்சி கொடுத்துவந்த பிறகும் சூளைக்குப் போக நேர்ந்தது இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. திருப்பம் வந்தது இன்னொரு காகிதத்தால்: பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப்படிப்பை முடித்தார், அதன் பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். அந்தப் பட்டயத்தை எந்தத் தடகளச் சம்மேளனமும் பறிக்க முடியாது. நாட்டுக்காக ஓடிய எவரும், பதக்கம் நின்றாலும் போனாலும், இந்தப் படிப்பில் அரசுச் செலவில் சேரலாம் என்று தமிழ்நாடு விதி செய்ய வேண்டும். அதற்குச் சூளைப் படம் பத்திரிகையில் வரும்வரை காத்திருக்கக் கூடாது.